அம்மாவின் அக்கறைக்கு யார் மார்க் போடுவது?

'பெற்றோர் பங்கேற்பு' என்ற சொல்லுக்குள் அப்பாவும் இருக்கிறார். ஆனால் பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் பள்ளியில் முதலில் எழும் கேள்வி, "உங்க அம்மா வீட்ல கவனிக்கிறதில்லையா?" என்பதுதான்.

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சி, உள்ளே போதிய கனம் பிடித்ததும் மிச்சத்தை வடிப்பார்கள். எடுத்த பொம்மையின் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். நேரம் தவறினால் பொம்மை வீண். இந்த வேலையை நடுவில் போட்டுவிட்டு எழ முடியாது. பள்ளிக் கூட்டமோ வேலை நாளில், வேலை நேரத்தில். போனால் கூலி போகும். போகாவிட்டால் 'அக்கறை இல்லாதவள்' என்ற பெயர் வரும்.

ஓய்வு நேரம் இருப்பதையா நாம் அக்கறை என்கிறோம்? அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 2003இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டினார்: உழைக்கும் குடும்பங்களிலும் பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் நடுத்தர வர்க்கப் பெற்றோரின் பழக்கங்களையே பள்ளி மதிக்கிறது. கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிஸும் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2014இல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி போனது. வீட்டுப்பாடத்தில் உதவுவது உட்படப் பெற்றோரின் பெரும்பாலான ஈடுபாடுகள் மதிப்பெண்ணைச் சீராக உயர்த்தவில்லை. பள்ளியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவது, மேற்படிப்புக்குப் போகும் என்று எதிர்பார்ப்பது போன்ற சிலவே உதவின. இதற்குத் தாய் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று அடுப்படியில் கேட்டாலே போதும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. இது தாய்க்குக் கிடைத்த அதிகாரம். கணக்கு டீச்சர் ஏன் இல்லை, கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது என்று அவள் கேட்கலாம். பதிவேட்டில் கையெழுத்து வாங்க மட்டும் அவளைக் கூப்பிட்டால் அந்த அதிகாரம் வெறும் கடமையாகச் சுருங்கிவிடும். கூட்டத்தை மாலையில் வையுங்கள். அப்பாக்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஒரு தாய்க்கு உண்மையிலேயே அக்கறை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவள் பிள்ளைக்கு நல்ல பாடம் தர வேண்டிய கடன் பள்ளிக்குக் குறைந்துவிடுமா? கல்வி பிள்ளையின் உரிமை. அதைத் தாயின் நன்னடத்தைக்குத் தரும் பரிசாக மாற்றும்போது, அவளைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் தண்டிப்பது குழந்தையைத்தான்.