மூலையில் ஒரு நிமிடம்



குத்துச்சண்டை நம் நாட்டிலே நேற்றுத் தோன்றிய விளையாட்டல்ல. பாடசாலை மாணவருக்கான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் ஆரம்பமாயிற்று. 1938இல் சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்ததும் இவ்விளையாட்டிலேயே. பணத்தை எதிர்பாராமல் மேடையேறும் இளைஞர்கள் இன்றும் நம்மிடையே உளர். அவர்களிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அது குத்துவதைப் பற்றியதன்று.

அமெச்சூர் போட்டியிலே மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள். இடையிடையே ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் வீரன் தன் மூலையில் வந்து அமர்கிறான். பயிற்றுநர் குனிந்து அவன் காதோடு பேசுகிறார். "இடது கையால் குத்தியதும் கையைத் தாழவிடுகிறாய்; தாடைக்குக் காவலில்லை. கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறாய்." வீரன் வாதாடுவதில்லை. நடுவரைக் குறைகூறவும் நேரமில்லை. பலவீனத்தை மறைத்தால் அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அடி விழும் என்பதை அவன் அறிவான்.

புனித சின்னப்பர் கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு தங்கியவர். அதன் அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடைபெறும். குத்துச்சண்டையும் அங்கு உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் தம்மை ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு ஒப்பிடுகிறார். தம் குத்து வெறுங்காற்றில் போவதில்லை என்கிறார். அது யார்மீது விழுகிறது? எதிரியின்மீதன்று, தம்மீதே! அவர் கையாளும் கிரேக்கச் சொல்லுக்குக் கண்ணுக்குக் கீழே குத்துதல் என்பதே நேர்ப்பொருள். உடலை வதைக்க வேண்டுமென்பது அவர் கருத்தல்ல. தன்னை அடக்கி ஆளாதவன் பிறருக்குப் போதித்தும் பரிசை இழப்பான் என்பதே அவர் அச்சம்.

நாமோ காற்றோடு சண்டையிடுகிறோம். கொட்டாஞ்சேனைச் சந்திலும் வெள்ளவத்தை மாடிவீட்டிலும் கதை ஒன்றுதான். சம்பள நாளில் சாராயத்தோடு வீடு திரும்பும் தகப்பன், "நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்" என்கிறான். மனைவியின்மேல் கை ஓங்கியவன், "அவள் வாய்தான் காரணம்" என்கிறான். விதிகளுக்கு அடங்கிக் குத்தும் வீரனின் கைக்கு இருக்கும் கட்டுப்பாடு, விதியே இல்லாமல் வீட்டிலே ஓங்கப்படும் அந்தக் கைக்கு இல்லையே! அடி வாங்குவது அவனல்லன், அவன் பிள்ளைகள்.

ஆனால், மனிதர் தம் பலவீனத்தை மறைப்பதற்கு நாமும் ஒரு காரணம் அல்லவா? மூலையில் நிற்பவர் காதோடு சொல்கிறார். எதிரில் நிற்பவன் திறந்த இடம் பார்த்து அடிக்கிறான். அயலவன் தன் குறையை நம்மிடம் சொன்னால் நாம் எங்கே நிற்கிறோம்? திருப்பலி முடிந்து கோவில் வாசலைத் தாண்டுமுன்பே அது நாலு பேர் வாயில் விழுந்துவிடுகிறதே! அடுத்த முறை அவன் எப்படி வாய் திறப்பான்?

நம் மூலையில் நிற்பவர் ஆண்டவர். நம் குறையை அறிந்தும் அதனைக்கொண்டு நம்மை அடிக்காதவர் அவர். சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருள் கிடைத்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே நாம் சொல்வது வெளியே போகாது. குருவானவர் உயிரே போவதாயினும் அதனை வெளியிடலாகாது என்பது திருச்சபையின் கட்டளை.

ஆகவே, அன்பர்களே, இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் ஒரு நிமிடம் ஆத்தும சோதனை செய்யுங்கள். "இன்று எங்கே என் கை தாழ்ந்தது?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் உங்கள் மனைவியை, கணவரைக் கேளுங்கள், வாதாடாமல் கேளுங்கள். சனிக்கிழமை அந்த விடையோடு கோவிலுக்கு வாருங்கள். அடுத்த சுற்றுக்கு மணி அடிக்குமுன் வாருங்கள்.