மையித்தின் உரிமையும் உயிருள்ளோரின் உரிமையும்

ஒரு முஸ்லிம் மௌத்தாகிவிட்டால் அவரைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், ஜனாஸாத் தொழுகை தொழுவதும், நல்லடக்கம் செய்வதும் ஃபர்ளு கிஃபாயா ஆகும். ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய கடமையும் நீங்கிவிடும்; எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஆனால், குளிப்பாட்டும் கையே வீட்டுக்குள் மரணத்தைக் கொண்டுவருமானால் என்ன செய்வது?

இது கற்பனைக் கேள்வியன்று. 2013 இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் எபோலா என்னும் கொடிய நோய் தோன்றிற்று. சியெரா லியோன், லைபீரியா நாடுகளுக்கும் பரவி, 2016க்குள் 28,600க்கும் மேற்பட்டோரைப் பீடித்து, 11,300க்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. கினியாவிலும் சியெரா லியோனிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். நோயாளியின் இரத்தம், வாந்தி முதலியவற்றைத் தொடுவதால் இந்நோய் ஒட்டுகிறது. உயிர் பிரிந்த பின்னும் உடலில் கிருமி வீரியத்தோடு இருக்கிறது. கினியாவில் 2014இல், நோயுற்றோரில் 100க்கு 60 பேர் வரை அடக்கச் சடங்குகளின் வழியே நோய் கண்டவர்கள் எனக் கணக்கிடப்பட்டது.

'அம்மக்களின் அறியாமையே காரணம்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் லைபீரியாவில் லட்சம் பேருக்கு ஓரிரு மருத்துவர்களே இருந்தனர். நோயாளியை வீட்டிலுள்ள பெண்கள்தாம் வெறுங்கையால் பராமரித்தார்கள். பிறகு முகம் மறைத்த குழுவினர் வந்து, மையித்தைப் பையிலிட்டுத் தூக்கிச் சென்றனர். பல குடும்பங்களுக்குத் தொழவும் வாய்ப்பில்லை. கப்ரு எங்கேயென்றும் தெரியவில்லை. லைபீரியத் தலைநகரில் சடலங்களை எரிக்கவே உத்தரவாயிற்று. அஞ்சிய மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், இரகசியமாக அடக்கினார்கள். நோய் மேலும் பரவிற்று. வறுமையும் அவநம்பிக்கையும் கிருமிக்குக் கைகொடுத்தன.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், இஸ்லாமிய, கிறிஸ்தவ அமைப்புகளைக் கலந்தாலோசித்துப் புதிய முறையை வகுத்தது. தண்ணீரால் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும், வெள்ளைத் துணியால் கஃபன், எட்ட நின்று குடும்பத்தார் தொழ வாய்ப்பு, அடையாளமிட்ட கப்ரு. இமாம்கள் இதனை எடுத்துச் சொன்னபோது மக்கள் செவிசாய்த்தார்கள்.

தண்ணீர் தீங்கு செய்யுமிடத்தில் தயம்மும் செய்யச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள், தோழர்களைக் கலந்தாலோசித்து ஸர்க் என்னுமிடத்திலிருந்து தம்முடன் வந்தோரோடு திரும்பினார்கள். கொள்ளைநோயில் மரணித்த முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். எனவே, தந்தையின் உடலைத் தொடாமல் விலகி நிற்கும் மகன் அன்பில் குறைந்தவனல்லன். தன் பிள்ளைகளின் உயிரெனும் அமானிதத்தைக் காப்பவன்.

ஆனால் தடுப்பவருக்கும் ஒரு கடமையுண்டு. தடை நோயின் அளவோடு நிற்க வேண்டும். இலங்கையில் 2020இல், கொரோனாவால் இறந்தோரை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், அனைவரையும் எரிக்கவே உத்தரவிட்டார்கள். 2021 பிப்ரவரியில்தான் அது நீங்கிற்று. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. ஜனாஸாவைத் தொழுது அடக்கமுடியாமற்போன குடும்பங்களின் துயரை எந்த மன்னிப்பு ஆற்றும்?

சகோதர சகோதரிகளே! 'தொடாதே' என்று சொல்பவர், 'இப்படிக் கண்ணியப்படுத்து' என்றும் சொல்லித் தர வேண்டும். மையித்தின் கண்ணியத்தைக் காத்தபோதுதான் உயிருள்ளோரும் காக்கப்பட்டார்கள். இதனை உணர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.