கடலில் கரைத்த பெருங்காயம்

ஒரு பொருள் போன இடம் தெரியாமல் மறைந்துவிட்டால், அதனைக் 'கடலில் கரைத்த பெருங்காயம்' என்பது நம் வழக்கு. கடலில் விழுந்தது கணக்கிலிருந்தே நீங்கியது என்னும் எண்ணம் இப்பழமொழிக்குள் இருக்கிறது. அது மெய்தானா என்று சோதித்துப் பார்க்கத்தக்க இடம் ஒன்று உண்டு.

மேற்குப் பசிபிக் மாகடலில் உள்ள மரியானா அகழியின் அடித்தளம் ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழமுடையது. அங்கே வெளிச்சம் எட்டாது; பசுமை எதுவும் விளையாது. மேலே வெயிலில் விளைந்த நுண்பாசிகளும், மடிந்த உயிர்களின் உடல்களும், கழிவுகளும் துகள்துகளாய் இறங்குவதே அங்குள்ள உயிர்களுக்குப் பெரும்பாலும் உணவு. அதிலும் மிகுதி வழியிலேயே உண்ணப்பட்டுவிடுவதால், ஆழம் கூடக்கூட வறுமையே மிஞ்சும் என்று கருதுவது இயல்பு. ஆனால் ரோனி குலுட் என்னும் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2010இல் அளந்து 2013இல் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. 6,000 மீட்டர் ஆழத்துச் சமவெளியைவிட அகழியின் சேற்றில் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ இரு மடங்கு பிராணவாயுவை உட்கொண்டன. காரணம், அகழியின் வடிவம். புனலில் வார்த்தது போல, இருபுறச் சரிவுகளிலிருந்தும் வண்டல் வழுக்கி அடியில் வந்து குவிகிறது. நிலநடுக்கம் நேரும்போது அது பெருமளவில் சரிகிறது.

இப்பள்ளம், வருவதைத் தரம் பிரித்து ஏற்பதில்லை. மரியானா, கெர்மாடெக் ஆகிய அகழிகளில் பிடித்த, இறாலை ஒத்த சிற்றுயிர்களின் உடலில் பி.சி.பி. எனப்படும் நஞ்சு இருந்ததாக 2017இல் அறிவித்தனர். மாசு மலிந்த சீன ஆறொன்றின் நீர் பாயும் வயல்களில் வாழும் நண்டுகளைவிட, மரியானாவின் சில உயிர்களில் அது 50 மடங்கு மிகுந்திருந்தது!

மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் ஊற்றுவதற்கென ஏறத்தாழ 13 லட்சம் டன் அளவில் செய்யப்பட்ட எண்ணெய் அது. எளிதில் தீப்பற்றாது, சிதையாது என்பதே அதன் பெருமை, அப்பெருமையே கேடாயிற்று. செய்தவர்கள் அகழியைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அங்ஙனமாயின் அவர்கள்மீது பழி உண்டா? அறியாமல் விளைந்த தீங்குக்கு எவரைக் கேட்பது? இவ்வினாவை எளிதாகத் தள்ள என்னால் இயலவில்லை. ஆயினும் அறியாமை இருவகை: அறிய வழியில்லாதது ஒன்று, அறிய விரும்பாதது மற்றொன்று. இத்தகைய குளோரின் சேர்மங்களைக் கையாண்ட தொழிலாளர்களின் தோலில் கொப்புளங்கள் எழுந்தது 1930களிலேயே தெரியவந்தது. அதன் பின்னும் பல பத்தாண்டுகள் உற்பத்தி நடந்தது. அகழியைப் பற்றி அறியாதிருந்தோம் எனலாம். அருகில் நின்ற மனிதனைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

கண்ணுக்கே புலப்படாத சிற்றுயிருக்காக இத்தனை வழக்கா என்பாரும் உளர். அந்நஞ்சு நம் உணவுத் தட்டுக்குத் திரும்பாது என்றே வைத்துக்கொள்வோம். திரும்பாத தீங்கு தீங்கில்லை என்றால், நாம் இதுவரை அறமென்று பேசியது வெறும் அச்சமாகவே முடியும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2001இல் ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, கருவிகளில் எஞ்சிய அவ்வெண்ணெயின் பயன்பாட்டை நீக்க 2025ஆம் ஆண்டையும், கழிவை ஒழுங்குசெய்ய 2028ஆம் ஆண்டையும் தவணையாகக் குறித்தது. அகழிச் சேற்றில் கிடப்பது அக்கணக்கில் சேரவில்லை.