கணக்குக் கேட்பது ஐயமாகுமா?

நல்லவர் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்திய பின் அவரிடமே கணக்குக் கேட்பது முறையா? வீண் ஐயம் கொள்வதைத் திருக்குர்ஆன் (49:12) விலக்கியிருக்கிறதே என்று நம்மில் பலர் தயங்குகின்றனர். ஊராட்சியின் வரவு செலவை வினவும் வேளையில், "எங்களை நம்பவில்லையா?" என்னும் ஒரு சொல்லே வாயை அடைத்துவிடுகிறது.

ஐயத்தை விலக்கிய அதே திருமறைதான், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சி அமைக்குமாறும் (2:282) பணிக்கிறது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்கிறது. மறதியாலும் மனக்கசப்பாலும் நம்பிக்கை குலையாதிருக்கவே இந்தக் காப்பு.

பெருமானார் (ஸல்) அவர்கள், பனூ ஸுலைம் குலத்தாரிடம் ஸகாத் திரட்டிவர இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். அவர் திரும்பியதும் கணக்குக் கேட்டார்கள். ஒரு பகுதி தமக்கு வந்த அன்பளிப்பு என்றார் அவர். பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று பெருமானார் வினவினார்கள். கணக்குக் கேட்டிராவிடில், பதவிக்காக வந்த பொருள் அவருக்கே உரியதாக நின்றிருக்கும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை அமர்த்தும்போதே அவர்தம் செல்வத்தைப் பதிந்து வைத்தார்கள். மக்களின் முறையீடுகளை நேரில் விசாரித்துவர முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அனைவர்க்கும் ஒரே விதி. ஆதலால் எவர்க்கும் இழுக்கில்லை.

தமிழ் மண்ணும் இந்நெறியை அறியும். பராந்தக சோழன் காலத்து, 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்குத் தகாதவர் என விலக்கியது.

இன்று உள்ளாட்சிக்குத் தணிக்கையாளர் உண்டு. எனினும் அவர் பெரும்பாலும் பணம் செலவான பின்னரே வருகிறார். குற்றம் நிகழுமுன் தடுக்க வல்லது உட்கண்காணிப்பு. வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுபவர் ஒருவர், பணம் வழங்க ஒப்பமிடுபவர் வேறொருவர் என்னும் ஏற்பாட்டின் நோக்கம் அதுவே. அளக்காமலே எழுதியதைப் படிக்காமலே ஒப்பமிடின், இரண்டு கையெழுத்தும் ஒரு கையெழுத்தே. நட்புக்காகக் காட்டும் அந்தக் கண்ணோட்டத்தின் விலையை, பாதியில் நின்ற சாலையிலும் வறண்ட குழாயிலும் ஏழை எளியோரே செலுத்துகின்றனர்.

நேர்மையாளர்க்குக் கணக்கே கேடயம். பழி எழும்போது அவர் பக்கம் பேசுவது ஏடுதான். எனவே கிராம சபை கூடும் நாளில் நம் இல்லத்து ஆடவரும் பெண்டிரும் சென்று அமர்வோம். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். பொதுப்பணம் அமானிதம், ஒப்படைத்தவர் கேட்பதும் ஏற்றவர் காட்டுவதும் அவ்வமானிதத்தின் இரு கடமைகள்.