எழுத்துருவும் அமானிதமும்

முள்ளிவாய்க்கால் என்ற பெயரில் எட்டு எழுத்துகள்; அவற்றுள் நான்கு புள்ளி பெற்றவை. இப்பெயரைப் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் இடையிடையே நான்கு அரைப்புள்ளிகளுமே திரையில் தெரியும். கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே.

2009 மே மாதம் அங்கே போர் முடிந்தபோது வன்னி மக்கள் இழந்தவற்றுள் நூல்களும் கையெழுத்துப் படிகளும் அடங்கும். 1990 இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் இத்தகைய இழப்பு உண்டு. எஞ்சிய நினைவுகளை மின்னூலாக்குவோர், எந்தத் திரையிலும் அவை வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காக எழுத்துருவையும் நூலுக்குள் பதித்து விடுகின்றனர். கேள்வி இங்கேதான் எழுகிறது: அந்த எழுத்துரு யாருடையது?

காசு கொடுத்து வாங்கியதுதானே என்போம். ஆனால் வாங்கியது பயன்படுத்தும் உரிமையையே. பதித்தல் என்பது வாசகர் ஒவ்வொருவருக்கும் அதன் பிரதியொன்றைக் கொடுப்பதாகும். பதிக்கக் கூடாது, பார்க்கவும் அச்சிடவும் மட்டும் என்றவாறு எழுத்துருக் கோப்பினுள்ளேயே ஓர் அனுமதிக் குறிப்பு உண்டு. அது பூட்டல்ல; மென்பொருள் அதனைப் பொருட்படுத்தாவிட்டால் தடுப்பார் இல்லை. பூட்டில்லாத பொருளில் நேர்மை காப்பதைத்தானே அமானிதம் என்கிறோம்?

அனைத்தையும் இழந்தவரிடம் அனுமதிப் பத்திரம் கேட்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். கனமான வாதம்தான். வேறு வழியே இல்லாதபோது நிர்ப்பந்தம் ஒரு நியாயமாகலாம். இன்று வழியுண்டு. 1991 இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனிக் குறியீடுகள் கிடைத்தன. பாமினிக் கோப்புகளை அதற்கு மாற்றிவிட்டால், எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். 2005 இல் எஸ்.ஐ.எல். நிறுவனம் வெளியிட்ட திறந்த எழுத்துரு உரிமம், எழுத்துருவைப் பதிக்கவும் பகிரவும் இடமளிக்கிறது; தனியே விற்பதை மட்டும் தடுக்கிறது. பதித்த நூலின் உரிமையையும் அது கோருவதில்லை. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இன்று அவ்வுரிமத்தின் கீழேயே கிடைக்கின்றன.

நமது நூலை ஒருவர் கேளாமல் அச்சிட்டால் கொதிக்கிறோம். 'ழ'கரத்தின் வளைவைத் திரும்பத் திரும்ப வரைந்து திருத்தியவரும் ஒரு படைப்பாளியே. பறிகொடுத்தவர்களின் கதையைச் சொல்லும் நூல், இன்னொருவரின் உழைப்பைப் பறிக்காமல் வெளிவருவதே அக்கதைக்கு நாம் செய்யும் மரியாதை.