பளிக்கறைக்குள் ஒரு மனம்

வாழப்பாடியிலிருந்து மேற்கே போனாலும் புத்தர், கிழக்கே போனாலும் புத்தர். மேற்கே சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகப் பூசை பெற்றுவந்த சிலை புத்தருடையதே என்று, தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிழக்கே ஆத்தூரைத் தாண்டினால், தலைவாசல் பக்கத்துத் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள். வயல்வெளிக்கு நடுவே பௌத்தம் இப்படிக் கல்லாக மிஞ்சியிருக்கிறது. சொல்லாக மிஞ்சியது சாத்தனாரின் மணிமேகலை. தமிழில் முழுமையாகக் கிடைத்திருக்கும் பௌத்தக் காப்பியம் அது ஒன்றுதான்.

1898இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நாளிலிருந்து அதைத் துறவின் கதையாகவும் பசி தீர்க்கும் அமுதசுரபியின் கதையாகவும் படித்து வருகிறார்கள். தவறில்லை. ஆனால் அதற்குள் ஒரு காதல் கதையும் கிடக்கிறது. பாடநூல்கள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பூப்பறிக்க உவவனத்துக்கு வந்த மணிமேகலையைத் தேடிச் சோழ இளவரசன் உதயகுமரன் தேரில் வருகிறான். அவள் பளிக்கறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்கிறாள். ஒளிந்துகொள்ளப் பளிங்கு அறைதானா கிடைத்தது! உள்ளே இருப்பவள் வெளியே தெரிகிறாள். வாசல் எங்கே என்றுதான் அவனுக்குப் புலப்படவில்லை. அவள் தோழி சுதமதியிடம் பேசிப் பார்த்துவிட்டு, பாட்டி சித்திராபதி மூலம் அவளை அடைந்தே தீருவேன் என்று போகிறான். அவன் தலை மறைந்ததும் மணிமேகலை தோழியிடம் சொல்வதுதான் திகைக்க வைக்கிறது. தன்னை விலைமகளாக எண்ணி இழித்துப் பேசியவன் அவன். இருந்தும் முன்பின் அறியாத அவன் பின்னாலேயே தன் நெஞ்சு போய்விட்டது என்கிறாள். காமத்தின் இயல்பு இதுதானா என்று தோழியையே கேட்கவும் செய்கிறாள்.

காதல் நாவல்களில் இந்த இடம் கடைசியில் வரும். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலில் டார்சி முதல் நடன விருந்தில் எலிசபெத்தை ஏறெடுத்தும் பார்க்கத் தகாதவள்போல ஒதுக்குகிறான். அந்த அலட்சியத்துக்குப் பின்னால் ஈர்ப்பு ஊறுவதை வாசகர் கண்டுபிடிப்பதிலேதான் கதையின் சுவை. திரை விலகினால் கல்யாணம், கதையும் முடிந்தது. சாத்தனாரோ திரையை ஐந்தாம் காதைக்குள்ளேயே விலக்கிவிட்டு, மீதி இருபத்தைந்து காதைகளுக்கு நடக்கிறார்.

இங்கே ஒரு சமயக் கேள்வி எழுகிறது. ஈர்ப்பை அடக்கிக்கொண்டு பாராமுகமாய் இருப்பது துறவாகுமா? பௌத்தம் ஆகாது என்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், மனத்தின் சமநிலைக்கு இரண்டு பகைகளைக் காட்டுகிறார். விருப்பும் வெறுப்பும் தூரத்துப் பகை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அருகிலேயே இருந்து ஏமாற்றும் பகை, அறியாமையால் வரும் அக்கறையின்மை. சமநிலையைப் போலவே முகம் வைத்துக்கொண்டிருப்பதால் அதை இனம் காண்பது கடினம். உணர்ச்சியே இல்லாதவள்போல மணிமேகலை நடித்திருந்தால் இந்த இரண்டாம் பகையிடம்தான் மாட்டியிருப்பாள். வாய்விட்டுச் சொன்னதால் தப்பித்தாள் என்று தோன்றுகிறது.

பின்னர் மணிபல்லவத் தீவில் அந்த ஈர்ப்பின் காரணம் அவளுக்குத் தெரியவருகிறது. முற்பிறப்பில் அவள் இலக்குமி. உதயகுமரன் அவள் கணவன் இராகுலன். பாம்பின் நஞ்சால் அவன் இறக்க, அவள் தீப்புகுந்தாள். நுகர்வால் வேட்கை, வேட்கையால் பற்று என்று பின்னால் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் விரிக்கும் பன்னிரு நிதானச் சங்கிலி அவளுக்கு முதலில் சொந்த வாழ்க்கையாகவே வந்து சேர்கிறது. தெரிந்துகொண்டதால் ஈர்ப்பு போய்விடவில்லை என்பதையும் சாத்தனார் மறைக்கவில்லை.

புகாருக்குத் திரும்பியவள் காயசண்டிகை என்ற விஞ்சையர் மகளின் உருவத்தில் உலவுகிறாள். அந்த வேடத்திலேயே, நரைத்துத் தளர்ந்த ஒரு கிழவியைக் காட்டி உடம்பின் நிலையாமையை உதயகுமரனுக்கு எடுத்துச் சொல்கிறாள். மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த விஞ்சையன் காஞ்சனன் இதைப் பார்க்கிறான். தன்னைத் திரும்பிப் பார்க்காத மனைவி, வேற்றான் ஒருவனோடு நின்று பேசுகிறாள்! துறவைக் காதலாகவும், அறியாமுகத்தைப் புறக்கணிப்பாகவும் படித்துவிட்டான். அன்று இரவே உலகவறவி என்ற அம்பலத்தில் உதயகுமரன் வெட்டுண்டு விழுகிறான். பாராமுகத்தைத் தவறாகப் படிப்பதற்கு இவ்வளவு விலை வைத்த கதை தமிழில் அதிகம் இல்லை.

உடலருகே போகப் பதைத்த மணிமேகலையைத் தூணிலிருக்கும் கந்திற்பாவை தடுக்கிறது. எத்தனையோ பிறவிகளில் எத்தனையோ உறவுகள், எந்தப் பிறப்பின் கணவனுக்காக அழுகிறாய் என்பதே அதன் வாதம். கேட்டவளுக்கு வலித்திருக்கும். ஆனால் பின்னர் அதே வாதத்தை அவள் கையில் எடுக்கும்போது அது வேறொன்றாகிறது. மகனை இழந்த இராசமாதேவி அவளைப் பித்தாக்கப் பார்க்கிறாள், பட்டினி போடுகிறாள். எதுவும் பலிக்காமல் அஞ்சி நிற்கிறாள். அந்த அரசியிடம் மணிமேகலை கேட்கிறாள்: அழுதது மகனின் உடலுக்காகவா, உயிருக்காகவா? உடலுக்காக என்றால் அதை எடுத்துப்போய்ப் புறங்காட்டில் இட்டது யார்? உயிருக்காக என்றால் அது இன்று எங்கே பிறந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்? அந்த உயிர்மேல் அன்பு உண்மையானால் எல்லா உயிர்மேலும் இரங்கத்தானே வேண்டும்? கந்திற்பாவை உறவைச் சுருக்கிக் காட்டியது. இவளோ அதை ஊர் முழுக்க விரித்துவிடுகிறாள். அமுதசுரபியோடு அலைந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

ஒரே ஒரு நெருடல். இனி வரும் பிறப்பெல்லாம் ஆணாகவே பிறந்து, முடிவில் புத்தரின் தலைமாணாக்கன் ஆவாய் என்று கந்திற்பாவை அவளுக்கு வருவது உரைக்கிறது. ஈர்ப்பு என்ற சிக்கலை உடம்பையே மாற்றித் தீர்க்கப் பார்ப்பது காப்பியத்தின் பலவீனமான இடம். அரசியிடம் அவள் பேசுவது அந்த வாக்குக்கு இரண்டு காதைகள் கழித்து, அதே பெண்ணுடம்போடு.