இரண்டு நாய்கள்

பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகளில் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். நெய்து முடிந்த பிறகு அந்தக் கஞ்சியைக் கரைத்தாக வேண்டும். அதற்கு உதவும் நொதியை இன்று கிருமிகளிடமிருந்து எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் பிராணிகளின் கணையத்திலிருந்தும் எடுத்தார்கள். நாம் உண்ட சோற்றைக் கரைப்பதும் கணையம் சுரக்கும் நீர்தானே!

சோறு வந்துவிட்டதென்று கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புகள்தாம் என்று ரஷ்யாவில் பாவ்லோவின் கூட்டத்தார் நம்பியிருந்தார்கள். 1902 ஜனவரியில், லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கே சிறிது அமிலம் விட்டார்கள். கணையம் சுரந்தது! குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. செய்தி ரத்தத்தின் வழியே போகிறது. அந்தத் தூதனுக்கு ஸெக்ரிடின் என்று பெயர். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் வழங்கியது 1905-ல்.

என்னைக் கல்நெஞ்சன் என்றாலும் சரி, அந்த நாய்க்காக நான் அதிகம் வருந்தவில்லை. வேறு வழியில் விடை கிடைக்காத கேள்வி அது. என் மனத்தை அறுப்பது இன்னொரு நாய். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டார்லிங் ஒரு பழுப்பு நாயின் கணைய நாளத்தைக் கட்டினார். இரண்டு மாதம் அது கூண்டில் கிடந்தது. 1903 பிப்ரவரியில் அதன் வயிற்றை மறுபடி திறந்து பார்த்தார். பிறகு பேலிஸ் அதே நாயின் கழுத்தைக் கீறி, மாணவர்களுக்கு வேறொன்றைக் காட்ட முயன்றார். அதுவும் பலிக்கவில்லை. நாய்க்கு மயக்கமே இல்லை என்று இரண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் எழுதப்போய், வழக்காயிற்று. ஜூரிகள் பேலிஸுக்கு 2,000 பவுன் நஷ்டஈடு வழங்கினார்கள்.

ஒரே நாயை இரு முறை பயன்படுத்தியது சட்டப்படி தவறுதான் என்று ஸ்டார்லிங் ஒப்புக்கொண்டார். இன்னொரு நாயைக் கொல்லாமல் இருக்கவே அப்படிச் செய்தாராம்! கணக்கில் ஓர் உயிர் மிச்சம், உண்மைதான். ஆனால் இரண்டு நாயின் பங்கையும் ஒரு நாய் அல்லவா சுமந்தது?

நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்தார். 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. உயிர் காக்கும் அறிவுக்காகச் சோதனை செய்வதை அது தடுக்கவில்லை. புத்தகமும் படமும் போதுமான பாடத்துக்குப் பிராணியைத் தொடாதே என்கிறது. பிழைத்தால் கடும் வேதனைப்படும் பிராணியை விழிக்குமுன்பே 'சாதாரணமாக' முடித்துவிடச் சொல்கிறது. அனுமதி தரக் கமிட்டி இருக்கிறது. ஆயினும் மேஜையருகே, அந்தச் 'சாதாரணமாக' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறவர் கத்தியைப் பிடித்திருப்பவர்தானே?